எக்லண்டைன் ஜெப் அம்மையார்

பகைவர் நாட்டுக் குழந்தைக்கு உணவளித்தல் அறமோ, துரோகமோ? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்தவர் எக்லண்டைன் ஜெப் அம்மையார்.

இவர் 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே எல்ஸ்மியர் என்னுமூரில் செல்வக்குடியொன்றிற் பிறந்தார். ஆக்ஸ்போர்டிற் சரித்திரம் பயின்று, சிலகாலம் ஆசிரியையாயிருந்தார். 1913-இல் பால்கன் போரினால் வீடிழந்தோர்க்கு உதவும்பொருட்டு மாசிடோனியா சென்றார். ஆண்டுக் கண்ட துயரம் அவருள்ளத்தை விட்டு நீங்கவில்லை.

1918 நவம்பரிலே முதல் உலகப்போர் ஓய்ந்தது. ஆயினும் ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளின்மீது நேசநாடுகள் இட்ட முற்றுகை உடனே நீங்கவில்லை. வியன்னாவிற் குழந்தைகள் பசியால் என்புந்தோலுமாயினர். முற்றுகையை ஒழிக்கக் கிளர்ந்த சபையொன்றிற் சேர்ந்த அம்மையார், மெலிந்த குழந்தையின் படம் தாங்கிய துண்டுப்பிரசுரங்களை 1919-இல் லண்டன் மாநகரின் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கையாளரின் அனுமதி பெறாமையாற் கைதாகி, 5 பவுன் அபராதம் விதிக்கப்பெற்றார். எதிர்வழக்காடிய அரசாங்க வழக்கறிஞரே அத்தொகையைத் தம் கைப்பொருளினின்று ஈந்தார் என்பர்.

அவ்வாண்டு மே மாதத்திலே, தமக்கையைப் போலவே இத்துறையில் ஈடுபட்டிருந்த தங்கை டாரதி பக்ஸ்டனுடன் சேர்ந்து, 'குழந்தைகள் காப்பு நிதி'யை நிறுவினார். அரசியற் கிளர்ச்சி சபையின் வேலை. பசி தீர்த்தல் நிதியின் வேலை. நிதி ஒரு கட்சியைச் சார்ந்ததென எண்ணப்படின், ஈவோர் கையும் மூடும், எல்லைக் கதவும் மூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1921-இல் ருஷியாவிற் கடும்பஞ்சம் நேர்ந்தது. பொதுவுடைமை ஆட்சியை வெறுத்த பத்திரிகைகள் தூற்றவும், நிதியார் சராதோவ் மாகாணத்திற் குழந்தைகட்கு உணவுச்சாலைகள் திறந்தனர்.

எனினும் அம்மையார் ஊமையாயிருந்தாரல்லர். 1923-இல் குழந்தைகளின் உரிமைப் பிரகடனத்தை வரைந்தார். இனம், நாடு, சமயம் என்னும் வேற்றுமை அதற்கில்லை. சர்வதேச சங்கம் 1924-இல் அதனை ஏற்றது. உடல் நலிந்தும் உழைத்த அவர், 1928-இல் ஜெனீவாவிலே உயிர்நீத்தார்.

சொற்போர் மன்றத்திலே ஒரு கட்சியைப் பற்றிநின்று முழங்குதல் நமக்கு எளிது. எக்கட்சியுஞ் சாராது ஒதுங்கியிருத்தல் அதனினும் எளிது. அம்மையார் நடந்த வழி இரண்டுமன்று. சோறிடுங்கால் அவர் எவர் மகவென்று வினவவில்லை. அச்சோற்றைத் தடுத்தது தம் அரசேயாயினும் அதனைக் கூற அஞ்சவுமில்லை. நடுநிலை என்பது வாய்மூடியிருத்தலன்று. யாவரையும் ஒரே கோலால் அளத்தலே. இதனை நாம் கற்போமாக.