ஐந்து பெண்களின் தந்தை புனித லூயி மார்த்தின்

சிறுமலர் புனித குழந்தை தெரேசாவை அறியாத மாணவியர் நம்மிடையே இருக்க மாட்டார்கள். சிலுவையையும் ரோஜா மலர்களையும் ஏந்தி நிற்கும் அவரது சுரூபத்தை நம் கோயில்கள் பலவற்றில் காண்கிறோம். ஆனால் அம்மலர் எந்தத் தோட்டத்தில் மலர்ந்தது, அதற்கு நீர் வார்த்தவர் யார் என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தாயை இழந்த ஐந்து பெண்களை விசுவாசத்தில் வளர்த்தெடுத்த அவருடைய தந்தை லூயி மார்த்தினின் வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர விரும்புகிறோம்.

லூயி 1823ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22ஆம் நாள் பிரான்சு நாட்டின் போர்தோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஓர் இராணுவ அதிகாரி. பின்னர் அக்குடும்பம் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த அலான்சோன் என்னும் ஊரில் குடியேறியது. கடிகாரத் தொழிலைக் கற்றுத் தேர்ந்த லூயி, இளமையில் துறவியாக வேண்டுமென்று விரும்பி ஆல்ப்ஸ் மலையிலுள்ள புனித பெர்னார்து மடத்தை நாடினார். இலத்தீன் மொழி கற்காமல் அங்கே இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஊர் திரும்பிப் பாடம் கேட்டுப் பார்த்தார், படிப்பு கைகூடவில்லை. இறுதியில் 1850இல் அலான்சோனில் ஒரு கடிகாரக் கடை திறந்தார்.

அவ்வூர் லேஸ் பின்னலுக்குப் பெயர் பெற்றது. அத்தொழிலைத் திறம்பட நடத்தி வந்த ஸெலி குவேரின் என்ற பெண்ணும் கன்னியர் மடத்தில் சேர விரும்பி, ஏற்றுக்கொள்ளப்படாதவர். மடத்தின் கதவு திறக்காத இவ்விருவரையும் இறைவன் இல்லறத்தில் இணைத்தார். 1858ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் திருமணம் நடந்தது. இருவரும் விடியற்காலைப் பூசைக்குத் தவறாமல் சென்றனர். சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் ஞாயிறன்றுதான் நகருக்கு வருவார்கள். அன்று கடையைத் திறந்தால் நல்ல வியாபாரம் நடக்கும் என்று நண்பர்கள் எடுத்துச் சொன்னார்கள். லூயி இசையவில்லை. ஆண்டவரின் நாளில் அவர் கடை மூடியே இருந்தது.

அவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள் பிறந்தனர். இரண்டு ஆண் குழந்தைகளும் இரண்டு பெண் குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்து போயினர். மரி, போலின், லெயோனி, செலீன், தெரேசா என்ற ஐந்து பெண்களே எஞ்சினர். 1870இல் லூயி தம் கடையை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மனைவியின் லேஸ் வியாபாரத்துக்குத் துணை நின்றார். மனைவி நடத்தும் தொழிலில் உதவுவதை அவர் தமக்கு இழுக்காகக் கருதவில்லை.

ஸெலிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. 1877 ஜூனில் மூத்த மகள்கள் மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து மாதாவிடம் சென்றார், உடல்நலம் திரும்பவில்லை. ஆகஸ்ட் 28ஆம் நாள், 45ஆம் வயதில் அவர் இறைவனடி சேர்ந்தார். அப்போது மரிக்கு 17 வயது, போலினுக்கு 16 நிறையவில்லை, லெயோனிக்கு 14, செலீனுக்கு 8, கடைக்குட்டி தெரேசாவுக்கோ 4. தந்தைக்கு வயது 54.

இனி இப்பெண்களை எப்படி வளர்ப்பது? லூயியின் தாய், நண்பர்கள், பழகிய கோயில் எல்லாம் அலான்சோனில்தான் இருந்தன. ஆயினும், தாயில்லாப் பெண்களுக்கு மாமன் வீட்டு ஆதரவு வேண்டும் என்று கருதி, ஸெலியின் தம்பி மருந்துக்கடை வைத்திருந்த லிசியே நகருக்கு 1877 நவம்பரில் குடிபெயர்ந்தார். பிள்ளைகளுக்காகத் தந்தை முதலில் துறந்தது தம் சொந்த ஊரை.

லிசியேயில் அவர்கள் வாழ்ந்த புய்சொனே என்னும் வீடு ஒரு சிறு பள்ளியாகவே விளங்கியது. மரி வீட்டுப் பொறுப்பை ஏற்றார். போலின் தெரேசாவுக்கு எழுத்தும் ஞானோபதேசமும் கற்பித்தார். பிற்பகலில் தந்தை தெரேசாவைக் கைப்பிடித்து உலாவ அழைத்துச் செல்வார். வழியில் ஏதேனும் ஒரு கோயிலில் நற்கருணை சந்திப்பு நடக்கும். எதிர்ப்படும் ஏழைக்குக் காசு கொடுக்கும் வேலை மகளுடையது. இரவில் பலகையில் காய் நகர்த்தி விளையாடுவார்கள். திருவழிபாட்டு ஆண்டை விளக்கும் நூலிலிருந்து சில பக்கங்களை ஒருவர் வாசிப்பார். தந்தை தம் இனிய குரலில் பாடுவார். பின்பு அனைவரும் சேர்ந்து செபிப்பார்கள். தந்தையின் முகத்தைப் பார்த்தே புனிதர்கள் எப்படிச் செபிப்பார்கள் என்பதைத் தாம் அறிந்துகொண்டதாகத் தெரேசா பின்னாளில் எழுதி வைத்தார். அவ்வீட்டில் நீண்ட பிரசங்கம் இல்லை. தந்தை தம் நேரத்தைக் கொடுத்தார், அதுவே பாடமாயிற்று.

படிப்பு விஷயத்திலும் அவர் எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கவில்லை. ஆசீர்வாதப்பர் சபைக் கன்னியரின் பள்ளியில் செலீன் மகிழ்ச்சியாகப் படித்து முடித்தார். 1881இல் அங்கே சேர்ந்த தெரேசாவுக்கோ அது துன்பமாயிற்று. நன்றாகப் படித்த அவர்மீது வயதில் மூத்த மாணவி ஒருத்தி பொறாமை கொண்டாள். அக்காள் துணையும் நீங்கியபின் தெரேசா அடிக்கடி நோயுற்றார். 1886இல் தந்தை அவரைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, ஓர் அம்மையாரிடம் தனிப்பாடம் கேட்க ஏற்பாடு செய்தார். மகளைக் கோழை என்று அவர் கடியவுமில்லை, பள்ளியைத் தூற்றவுமில்லை. இந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்பதை மட்டும் பார்த்தார்.

எல்லாப் பெண்களும் தெரேசாவைப் போல் இருந்துவிடவில்லை. மூன்றாம் மகள் லெயோனி சிறு வயதில் நோயாளி, படிப்பில் மந்தம், பிடிவாதம் மிகுதி. பெரியம்மா கன்னியராக இருந்த பள்ளியிலிருந்தே அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலைக்காரப் பெண் ஒருத்தி அவரை இரகசியமாக மிரட்டித் தன் சொல்லுக்கு ஆட்டி வைத்ததைத் தாய் அறிந்துகொண்டது தம் கடைசி ஆண்டில்தான். லெயோனி 1886இல் ஏழை கிளாரா மடத்திலும், 1887இல் காயென் நகரின் விசித்தாசியோன் மடத்திலும் சேர்ந்து, இருமுறையும் சில மாதங்களில் வீடு திரும்பினார். இருமுறையும் தந்தை வீட்டின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது.

மற்றப் பெண்களை அவர் ஒவ்வொருவராக விட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. போலின் 1882இலும் மரி 1886இலும் கார்மேல் மடம் புகுந்தனர். 1887ஆம் ஆண்டு தூய ஆவியார் பெருவிழாவன்று மாலை, 14 வயதே நிரம்பிய தெரேசா தோட்டத்தில் தந்தையருகே அமர்ந்து தம் ஆசையைச் சொன்னார். சில வாரங்களுக்கு முன்தான் தந்தைக்கு முதல்முறையாகப் பக்கவாதம் தாக்கியிருந்தது. அவர் அழுதார், ஆனால் மறுக்கவில்லை. சுவரோரம் பூத்திருந்த சின்னஞ்சிறு வெண்மலரை வேரோடு எடுத்து மகள் கையில் கொடுத்தார். பின்பு மகளுக்காக ஆயரிடம் சென்றார்; உரோமைக்கும் அழைத்துச் சென்றார். 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் தெரேசா மடம் புகுந்தார்.

அதன்பின் வந்த சிலுவை பெரிது. நோய் முற்றி லூயியின் நினைவு தடுமாறியது. 1889 பிப்ரவரியில் காயென் நகரின் மனநோய் மருத்துவமனையில் அவரைச் சேர்க்க நேர்ந்தது. பெண்களை மடத்துக்கு அனுப்பியதால்தான் இந்நிலை என்று ஊரார் பேசினார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கிருந்து, 1892 மேயில் நடக்க இயலாதவராக வீடு திரும்பினார். செலீனும் லெயோனியும் அவரைப் பேணினர். 1894ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. தம் கடைசி மகள் 1925இல் புனிதையாக உயர்த்தப்படுவார் என்பதை அவர் இவ்வுலகில் அறியவில்லை. திரும்பத் திரும்ப முயன்ற லெயோனி 1899இல் நான்காம் முறையாக மடம் புகுந்து, 1941இல் இறக்கும்வரை அங்கேயே நிலைத்திருந்ததையும் அவர் காணவில்லை. அந்த லெயோனியைப் புனிதர் நிலைக்கு உயர்த்துவதற்கான விசாரணை 2015இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் லூயியையும் ஸெலியையும் ஒன்றாகப் புனிதர்கள் என அறிவித்தார். கணவனும் மனைவியும் சேர்ந்து இப்பேறு பெற்றது திருச்சபை வரலாற்றில் அதுவே முதல்முறை.

அன்புப் பெற்றோரே, பள்ளி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விசுவாசத்தின் முதல் வகுப்பு வீட்டில்தான் நடக்கிறது. நம் பிள்ளைகளுள் ஒரு தெரேசா இருக்கலாம். ஒரு லெயோனியும் இருக்கலாம். விதைத்தவர் கண்முன்னே எல்லா விதையும் முளைத்துவிடுவதில்லை. அன்பு மாணவியரே, உங்கள் தந்தையர் சொல்லாமல் துறந்தவை என்னென்ன என்று இன்று சற்று எண்ணிப் பாருங்கள். மாலைச் செபத்தில் அவர்களுக்காக ஒரு மங்கள வார்த்தை சொல்லுங்கள்.