மூன்று பெண்களுக்குத் திறந்த கதவு

நம்ம கூட்டமைப்பு மலரில் ஒரு பெரிய மனுஷியோட வாழ்க்கையை எழுதணும் என்று நிர்வாகக் குழுவில் முடிவானதும், முத்துலட்சுமி அம்மாவைப் பற்றி நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அவங்க பேரைச் சொல்லாத உறுப்பினர் நம்மில் யாரு இருக்கா? கர்ப்பம் தரித்து, கிராம செவிலியரிடம் பதிந்து, பிக்மி நம்பர் வாங்கின கையோடு, முத்துலட்சுமி ரெட்டி பணம் எப்போ வரும்னுதான் அடுத்த கேள்வி. அந்த 18,000 ரூபாய் திட்டத்துக்குப் பேர் கொடுத்த பெண் யார் என்று கேட்டால்தான் முழிக்கிறோம்.

1886 ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், கல்வித்துறையில் இருந்தவர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவார்கள். ஆட்டமும் பாட்டும் அந்தப் பெண்களால்தான் வாழ்ந்தது. ஆனால் மற்றவர்களைப் போல ஒரு கல்யாணம் அவர்களுக்குக் கிடையாது. வசதி படைத்த ஆண்களின் ஆதரவில் காலம் தள்ள வேண்டும். முத்துலட்சுமிக்குப் பொட்டுக்கட்டவில்லை, படிக்க வைத்தார்கள். இருந்தாலும் அம்மா எந்த மரபு என்கிற பேச்சு அவர் போன இடமெல்லாம் பின்னாலேயே வந்தது.

ஆண்கள் மட்டும் படித்த மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை ராஜா குறுக்கிட்டு இடம் கொடுத்தார். அங்கிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் செய்துகொள்ளும் முன், தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று பேசி, வாக்கு வாங்கிக்கொண்டுதான் சம்மதித்தார். (நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பவுன் கணக்குதான் பேசுகிறோம். இதையும் சேர்த்துப் பேசினால் என்னவாம்?)

1927-ல் சென்னை சட்டசபையில் உறுப்பினரானார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் அவர்தான். துணைத் தலைவராகவும் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த வருஷமே, பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். மதத்தில் கை வைக்கிறார் என்று சபைக்கு உள்ளேயும் வெளியேயும் சண்டை போட்டார்கள்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்த விஷயம் நிலம். கோயிலில் ஊழியம் செய்த பெண்களுக்கு மானியமாக நிலம் இருந்தது. ஊழியம் செய்தால்தான் நிலம். ஊழியத்தை விட்டால் சோற்றுக்கு வழி இல்லை. வெறுமனே பொட்டுக்கட்டாதே என்று சொன்னால் அந்தப் பெண் நாளைக்கு எதைச் சாப்பிடுவாள்? 1929-ல் அவர் முயற்சியில் வந்த சட்டத் திருத்தம் முதலில் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்றானது. கந்து வட்டிக்காரனிடம் போகாதே என்று சொல்வதற்கு முன்னால் குழுவில் நாம் சேமிப்பும் உள்கடனும் தொடங்கினோமே, அது போலத்தான் இதுவும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் அவரை எதிர்த்தார்கள். சங்கமாகச் சேர்ந்து மனு கொடுத்தார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களில் ஒருவர். எங்களுக்குச் சொத்து இருக்கிறது, கலை இருக்கிறது, எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள் என்பது அவர்கள் வாதம். மறுபக்கம், அதே மரபில் பிறந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பொட்டுக்கட்டுவதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். நம்ம பெண் பிள்ளைகள் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வாங்குகிற புதுமைப் பெண் திட்டம் அவர் பேரில் உள்ளதுதான். குழந்தைக்குப் பொட்டுக்கட்டக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மனு கொடுத்த பெண்களின் பேச்சையும் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1930-ல் காந்தி கைதானபோது முத்துலட்சுமி அம்மா பதவியைத் தூக்கி எறிந்தார். பொட்டுக்கட்டுவதை முழுசாகத் தடை செய்யும் சட்டம் அதனால் நின்றுபோய், 1947-ல்தான் வந்தது.

அந்தச் சமயத்தில்தான், பொட்டுக்கட்டும் வாழ்க்கை வேண்டாம் என்று நாமக்கல் பக்கத்திலிருந்து மூன்று இளம் பெண்கள் கிளம்பிச் சென்னைக்கு அவர் வீட்டைத் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி விடுதிகளில் கேட்டுப் பார்த்தார். பிராமணப் பெண்களுக்கான விடுதியிலும் இடமில்லை, மற்றவர்களுக்கான விடுதியிலும் இடமில்லை. கட்டில் இல்லாமல் இல்லை. பிறப்புதான் தடை. மூன்று பேரையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம்.

இந்த இடத்தில் நம்ம விஷயம் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. நலிந்தோர் நிதிக்கு ஆள் தேர்வு செய்கிற கூட்டங்களில், அந்தப் பெண்ணுக்கு என்ன தேவை என்பதை விட்டுவிட்டு, யாரோடு இருந்தாள், புருஷனை ஏன் விட்டு வந்தாள், அந்தப் பிள்ளை யாருடையது என்று பேச்சு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டே இருப்பாள். ஊருக்குத் தெரிந்த கதைதானே என்போம். கடன் விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. அவள் வாங்கப் போகிற ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

அவ்வை இல்லத்தில் எந்தச் சாதிப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றோர் இல்லாத பிள்ளைகள் வந்தார்கள், கைவிடப்பட்ட பெண்கள் வந்தார்கள். சோறும் படுக்க இடமும் கொடுத்ததோடு விடவில்லை. பள்ளிக்கூடம் இருந்தது, கைத்தொழில் இருந்தது. அங்கே வளர்ந்த பெண்கள் ஆசிரியர்களாகவும் நர்சுகளாகவும் வேலைக்குப் போனார்கள். ஒரு காலத்தில் விடுதி வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட மரபுப் பெண், வகுப்பறையில் நின்று ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் தங்கை சுந்தரம்மாள் புற்றுநோயில் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. வந்தால் சாவுதான், இதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பெரிய இடத்தில் இருந்தவர்களே நினைத்த காலம் அது. வருஷக்கணக்காக அலைந்து, நன்கொடை திரட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதைத் தூக்கி நிறுத்தினார்கள். பிழைப்பாரா மாட்டாரா என்று பார்க்காமல், காசு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வைத்தியம் பார்த்தார்கள். நம்ம மாவட்டத்திலிருந்தும் எத்தனையோ பேர் போய் வந்த இடம் அது.

1968 ஜூலை 22-ல் அவர் காலமானார். 82 வயது நிறைய எட்டு நாள்தான் பாக்கி. அவ்வை இல்லம் இன்றைக்கும் அடையாறில் நடக்கிறது. சென்னைக்குப் பயிற்சிக்குப் போகிற உறுப்பினர்கள் ஒரு நடை எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.