அரவிந்தர் – கால் முறிவும் பிந்திய வாழ்வும்

ஸ்ரீ அரவிந்தர் (இயற்பெயர்: அரவிந்த கோஷ்; ஆகஸ்ட் 15, 1872 – டிசம்பர் 5, 1950) இந்திய விடுதலை இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களுள் ஒருவரும், பின்னாளில் மெய்யியலாளராகவும் யோகியாகவும் கவிஞராகவும் அறியப்பட்டவரும் ஆவார். தம் வாழ்வின் இறுதி நாற்பது ஆண்டுகளை, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் கழித்தார். 1938 நவம்பரில் அவரது வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிய பின்னரும், இறுகிப்போன முழங்காலை மீண்டும் மடக்குவதற்கு நீண்ட பயிற்சி தேவைப்பட்டது. அச்சிகிச்சைக்காக அவரது அறைக்குள் வந்த சிலரால், பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்த அவரது தனிமை தளர்ந்தது. அவரது இறுதிக்கால வாழ்வு இன்று விரிவாக அறியப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம் எனலாம்.

இளமையும் அரசியலும்

அரவிந்தர் கொல்கத்தாவில் பிறந்தார். ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மான்செஸ்டரிலும் இலண்டன் தூய பவுல் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும் பயின்றார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்றும், குதிரையேற்றத் தேர்வில் கலந்துகொள்ளாததால் பணியில் சேரவில்லை. 1893-ல் நாடு திரும்பிப் பரோடா சமத்தானத்தில் பணியாற்றினார். 1906-ல் கொல்கத்தா சென்று தீவிர அரசியலில் இறங்கினார். அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908-ல் கைதாகி, ஓராண்டு சிறையில் இருந்து, 1909 மே மாதம் விடுதலையானார்.

புதுச்சேரியில்

பிரித்தானிய அரசின் கண்காணிப்பிலிருந்து விலகி, சந்திரநாகூர் வழியாக, 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். முதலில் சங்கர செட்டியார் இல்லத்தில் தங்கினார். அப்போது புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த சுப்பிரமணிய பாரதியார் அவருடன் நெருங்கிப் பழகினார். 1914 முதல் 1921 வரை ஆர்யா என்னும் திங்களிதழை நடத்தினார். அவரது முதன்மையான உரைநடை நூல்களுள் பெரும்பாலானவை இவ்விதழில் தொடராக வெளிவந்தவையே.

1926 நவம்பர் 24-க்குப் பின்னர் அரவிந்தர் தனிமையை மேற்கொண்டார். ஆசிரமப் பொறுப்பு முழுவதும் ஸ்ரீ அன்னை எனப்படும் மிரா அல்பாசாவிடம் சென்றது. 1927 முதல் இறுதிவரை அரவிந்தர் ஆசிரமக் கட்டடத்தின் மேல்தளத்திலேயே வாழ்ந்தார். அன்னையையும் சம்பக்லால் போன்ற மிகச் சில பணியாளர்களையும் தவிர வேறெவரும் அவரை அன்றாடம் காண்பதில்லை. ஆண்டுக்கு மூன்று தரிசன நாட்களில் மட்டும் அன்பர்கள் அவர்முன் வரிசையாகச் சென்று வணங்கினர். மற்ற நாட்களில் கடிதங்களே தொடர்பாக இருந்தன. அறைக்குள்ளேயே நெடுநேரம் நடப்பது அவரது வழக்கம்.

விபத்து

1938 நவம்பர் 24 தரிசன நாள். அதற்கு முந்தைய இரவு, பின்னிரவு வேளையில், அறையில் நடந்து சென்ற அரவிந்தர் தரையில் விரிக்கப்பட்டிருந்த புலித்தோலில் கால் இடறி விழுந்தார். வலது முழங்கால் பலமாக மோதியது, எழ இயலவில்லை. தரிசனத்திற்காகப் பரோடாவிலிருந்து வந்திருந்த மருத்துவர் மணிலால் முதலில் பரிசோதித்தார். பின்னர் சென்னையிலிருந்து எலும்பு மருத்துவ வல்லுநர் வரவழைக்கப்பட்டார். எக்ஸ்-கதிர்ப் படத்தில், முழங்காலுக்குச் சற்று மேலே தொடை எலும்பு முறிந்து, இரு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டிருப்பது தெரியவந்தது. தொலைவிலிருந்து வந்திருந்த அன்பர்கள் தரிசனம் இன்றியே திரும்ப நேர்ந்தது.

அறுவை செய்யாமல் காலை அசையாது நிறுத்தி இழுவையில் வைப்பது என முடிவாயிற்று. எடின்பரோவில் மருத்துவம் பயின்றவரும் ஆசிரம மருந்தகத்தைக் கவனித்து வந்தவருமான நிரோத்பரன், புரானி, சம்பக்லால், சத்தியேந்திரா, பெச்சர்லால் முதலானோர் முறைவைத்துப் பணிவிடை செய்தனர். அதுவரை கடிதம் வழியாகவே அரவிந்தரிடம் பேசிவந்த நிரோத்பரன், இப்போது அவரது கட்டிலருகே அமரும் நிலை ஏற்பட்டது.

முழங்கால் ஏன் இறுகுகிறது?

முறிந்த எலும்பு கூட அசையாமை தேவை. ஆனால் அதே அசையாமை மூட்டுக்குக் கேடாகிறது. பல வாரங்கள் நீட்டியே வைக்கப்பட்ட முழங்காலில் மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்குகிறது. தொடையின் முன்புறத் தசை மெலிகிறது. முறிவு முழங்காலுக்கு அருகில் இருந்தால், அத்தசை முறிவிடத்து எலும்போடு ஒட்டிக்கொள்வதும், முழங்கால் சில்லு தன் இடத்தில் வழுக்கிச் செல்ல இயலாமல் போவதும் உண்டு. இதனால் கட்டு அவிழ்க்கப்பட்டதும் கால் மடங்குவதில்லை. மடக்க முயன்றால் வலிக்கிறது. புத்தூர் கட்டு போன்ற மரபு முறைக் கட்டாயினும் மாவுக்கட்டாயினும் இவ்விளைவு பொதுவானதே.

நலமான முழங்கால் ஏறத்தாழ 135 முதல் 140 பாகை வரை மடங்கும். சமதரையில் நடக்க ஏறத்தாழ 60 பாகையும், படியேறவும் நாற்காலியிலிருந்து எழவும் ஏறத்தாழ 90 பாகையும் வேண்டும். தரையில் குந்தி அமர்வதற்கு இதைவிட மிகுதியான மடக்கம் தேவை. ஆகவே தரையில் அமர்ந்து பழகிய நம் நாட்டவருக்கு இவ்விறுக்கம் கூடுதல் இடையூறாகும்.

பயிற்சி

கட்டுகள் நீக்கப்பட்ட பின்னர் அரவிந்தருக்குக் கால் பிடித்துவிடுதலும் முழங்காலை மெல்ல மடக்கி நீட்டுதலும் தொடங்கின. இயன்முறை மருத்துவத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்கும் பள்ளி இந்தியாவில் 1950-களில்தான் மும்பையில் தோன்றியது. எனவே இப்பணியை மருத்துவர்களும் உதவியாளர்களுமே செய்தனர்.

மணிலால் வலியுறுத்திய பயிற்சி, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து காலைத் தொங்கவிடுவது. இதன் இயக்கம் எளிது. கீழ்க்காலின் எடையே முழங்காலை மெதுவாக மடக்குகிறது. பிறர் அழுத்தி மடக்கும்போது வலிக்கு அஞ்சித் தசைகள் எதிர்த்து இறுகும். தன் எடையில் தொங்கும் காலில் அவ்வெதிர்ப்புக் குறைவு. சற்று நேரம் பொறுத்திருந்தால் மூட்டு தளர்ந்து மேலும் சிறிது மடங்கும். இன்றும் இப்பயிற்சி முழங்கால் இறுக்கத்திற்குப் பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இதன் பயன் நாள்தோறும் செய்வதில்தான் உள்ளது. மணிலால் பரோடா சென்றிருக்கும் நாட்களில் பயிற்சி தளர்ந்ததும், அவர் திரும்பியதும் முதலில் அதைப்பற்றியே வினவியதும் நிரோத்பரன் பதிவு செய்த சுவையான செய்திகளாகும். பெரும் யோகியும் இவ்வகையில் மற்ற நோயாளிகளைப் போன்றவராகவே இருந்தார்.

நடைப்பயிற்சி படிப்படியாக வந்தது. அக்குள் கட்டைகள் அவருக்கு ஒத்துவரவில்லை. இருபுறமும் உதவியாளர்களைப் பற்றிக்கொண்டு சில காலம் நடந்தார். பின்னர் கைத்தடியுடன் நடந்தார். 1939 ஏப்ரல் 24 அன்று, விபத்துக்குப் பின் முதன்முறையாகத் தரிசனம் அளித்தார். அன்னை புதுச்சேரிக்கு நிலையாகத் திரும்பிய (1920) அந்நாள், அதுமுதல் நான்காவது தரிசன நாளாயிற்று.

விபத்தின் விளைவுகள்

விபத்தோடு கடிதப் போக்குவரத்து ஏறத்தாழ நின்றுபோனது. ஆசிரமத்தவர் பலருக்கு இது பேரிழப்பாக இருந்தது. மாறாக, கட்டிலைச் சுற்றி இருந்தவர்களுடன் அரவிந்தர் உரையாடத் தொடங்கினார். 1938 டிசம்பர் 10 முதல் நிரோத்பரன் இவ்வுரையாடல்களைக் குறித்து வைத்தார். மருத்துவம், கவிதை, அரசியல், உலகப் போர் என அவை விரிந்தன. இக்காலத்தைப் பற்றிய அவரது நினைவுநூல் 1972-ல் வெளிவந்தது.

ஆர்யாவில் வெளிவந்த 'தெய்வீக வாழ்க்கை' என்னும் நூலை அரவிந்தர் இக்காலத்தில் திருத்தி விரிவாக்கினார். 1939–40-ல் அது நூலுருப் பெற்றது. கண்பார்வை மங்கிய பின்னர், சாவித்திரி என்னும் ஆங்கிலக் காப்பியத்தின் பகுதிகளை அவர் சொல்லச் சொல்ல நிரோத்பரன் எழுதினார். முழங்காலுக்காக வந்த மருத்துவர், இவ்வாறு எழுத்தராகவும் ஆனார்.

உடலைப் பற்றிய இறுதி எழுத்துகள்

1943 டிசம்பரில் ஆசிரமத்தில் பள்ளி தொடங்கப்பட்டது. அதனுடன் விளையாட்டும் உடற்பயிற்சியும் வளர்ந்தன. 1949 பிப்ரவரியில் தொடங்கிய உடற்கல்விக் காலாண்டிதழுக்காக, உடலின் நிறைவு குறித்து அரவிந்தர் தொடர் கட்டுரைகள் எழுதினார். அவரது உரைநடைப் படைப்புகளுள் இறுதியானவை இவையே. உடலை விலக்கிவிட்டு ஆன்மிகம் இல்லை என்பது ஆர்யா காலம் முதலே அவரது நிலைப்பாடு என்பது குறிப்பிடத்தக்கது.

மறைவு

1950-ல் அவரது சிறுநீரகச் செயல்பாடு குன்றியது. டிசம்பர் 5 அதிகாலையில் காலமானார். டிசம்பர் 9 அன்று ஆசிரம முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது சமாதி இன்றும் அங்கு உள்ளது.

இன்றைய மருத்துவ நோக்கில்

புதுச்சேரிக்கு மருத்துவக் கல்வி புதிதன்று; 1823-லேயே பிரெஞ்சு அரசு அங்கு ஒரு மருத்துவப் பள்ளியை நிறுவியது. அதன் வழிவந்த நிறுவனம் 1964 முதல் ஜிப்மர் என்னும் பெயரால் வழங்குகிறது. ஆயினும் 1938-ல் இத்தகைய முறிவுக்கு உலகின் பெரும்பாலான இடங்களில் இழுவையும் ஓய்வுமே வழக்கமான மருத்துவமாக இருந்தன. 1958-ல் சுவிட்சர்லாந்தில் ஒன்றுகூடிய அறுவை மருத்துவர் குழுவொன்று, முறிந்த எலும்பைத் தகடும் திருகும் கொண்டு உறுதியாக இணைத்து மூட்டை விரைவில் அசைக்கும் முறையைப் பரப்பியது. இன்று முழங்காலுக்கு அருகிலுள்ள தொடை எலும்பு முறிவுகள் பெரும்பாலும் அறுவை மூலம் பொருத்தப்பட்டு, இயன்ற விரைவில் மூட்டுப் பயிற்சி தொடங்கப்படுகிறது. எனினும் எப்போது, எவ்வளவு மடக்குவது என்பது முறிவின் தன்மையைப் பொறுத்தது. அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

அறுவை முறை மாறினும், அரவிந்தரின் கட்டிலோரத்தில் நிகழ்ந்ததில் ஒன்று மாறவில்லை. எலும்பு தானே கூடும். மூட்டைத் தளர்த்துவது நாள்தோறும் செய்யும் பயிற்சியே.