கடைசிப் படத்தின் கர்னல்

1986-இல் வெளிவந்த 'தி டெல்டா ஃபோர்ஸ்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, ராக்கெட் பாயும் மோட்டார் சைக்கிளில் வரும் சக் நாரிஸ் நினைவிருப்பார். கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளை மீட்கும் கமாண்டோ படைக்குத் தலைமை தாங்கிய நரைத்த கர்னலைப் பலர் மறந்திருக்கக் கூடும். அவர் லீ மார்வின். அதுவே அவர் நடித்த கடைசித் திரைப்படம்.

1924-இல் நியூயார்க்கில் பிறந்த மார்வின், எந்தப் பள்ளியிலும் நிலைகொள்ளாதவர். இரண்டாம் உலகப் போரின்போது மரீன் படையில் சேர்ந்தார். 1944 ஜூனில், பசிபிக் கடலின் சைபன் தீவில் ஜப்பானியருடன் நடந்த சண்டையில் அவருடைய கம்பெனி சிதைந்தது. மாண்டவரும் காயமுற்றவரும் போக எஞ்சியவர் மிகச் சிலரே. மார்வினின் இடுப்புக்குக் கீழே பாய்ந்த குண்டு நரம்பைத் துண்டித்தது. ஓராண்டுக்கும் மேலாக மருத்துவமனைகளில் கிடந்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

ஊர் திரும்பி, குழாய் பழுதுபார்ப்பவருக்கு உதவியாளரானார். நாடக அரங்கு ஒன்றில் வேலை செய்யப் போனவரை, நோயுற்ற நடிகர் ஒருவருக்குப் பதிலாக மேடையேற்றினார்கள் என்பர். பின்னர் திரையில் நெடுங்காலம் வில்லன் வேடங்கள். 'கேட் பலூ' படத்தின் இரட்டை வேடம் அவருக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்தது. என் கணிப்பில் அதனினும் உயர்ந்தது 1968-இல் வந்த 'ஹெல் இன் த பசிபிக்'. ஆளற்ற தீவில், ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாத அமெரிக்க, ஜப்பானிய வீரர்கள் இருவரின் கதை அது. உடன் நடித்த தோஷிரோ மிஃபூனேவும் அதே போரில் ஜப்பானியப் படையில் இருந்தவர்.

பொருளியல் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணம் புரியாமல் உடன் வாழ்ந்த பெண் மார்வின் மீது வழக்குத் தொடுத்தார். அத்தகைய இணையரிடையே ஏற்படும் உடன்பாடும் சட்டப்படி செல்லும் என்று 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் கூறியது. இறுதியில் அவருக்குப் பணம் ஏதும் கிட்டவில்லை. ஆனால், வீட்டுப் பணிகளுக்கும் மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றம் ஏற்றது.

'டெல்டா ஃபோர்ஸ்' 1985 ஜூனில் ஏதென்ஸிலிருந்து ரோம் நகருக்குப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 847 விமானக் கடத்தலைத் தழுவியது. திரையில் கமாண்டோக்கள் வென்று திரும்புகிறார்கள். உண்மையிலோ, அமெரிக்கக் கடற்படை வீரர் ஒருவர் கொல்லப்பட்டார். பெய்ரூத்தில் எஞ்சியிருந்த பிணைக்கைதிகள் 39 பேர் பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகே விடுதலையாயினர். தொடர்ந்து வந்த வாரங்களில் இஸ்ரேல் 700-க்கும் மேற்பட்ட ஷியா கைதிகளை விடுவித்தது. எந்தப் படையும் விமானத்தினுள் பாயவில்லை. சைபனில் விழுந்து கிடந்தவர் இத்தகைய கற்பனை வெற்றிக்குத் தலைமை தாங்கியதை எண்ணுகையில் எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது. ஆயினும், வீரர்களை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் காட்சிகளில் அந்தக் கர்னலின் முகத்தில் தெரியும் களைப்பு நடிப்பாகத் தோன்றவில்லை.

1987 ஆகஸ்ட் 29-இல், 63-ஆம் வயதில், அரிசோனாவின் டூசான் நகரில் அவர் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது நடுகல்லில் பெயர், மரீன் படையின் சாதாரணச் சிப்பாய்க்குரிய தகுதி, இரண்டாம் உலகப் போர், பிறந்த நாள், இறந்த நாள் ஆகியவை மட்டுமே உள்ளன. திரைப்படத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.