இனிப்பைத் தேடிய முப்பது ஆண்டுகள்

உடுமலை, மடத்துக்குளம் பக்கத்தில் கரும்பு பயிரிடும் சகோதரர்கள் கரணை வெட்டி நட்டே பழகியவர்கள். கரும்புக்கு விதை உண்டென்றால் அவர்களில் சிலர் சிரிக்கவும் கூடும். அந்த விதையை நம்பியே ஒருவர் கோயமுத்தூரில் முப்பது ஆண்டுகளைச் செலவிட்டார். அவர்தாம் சர் டி.எஸ். வெங்கட்ராமன், 1884-இல் பிறந்து 1963-இல் மறைந்தவர்.

அந்நாளில் வட இந்தியக் கரும்பு மெலிந்து கிடக்கும், மகசூலும் சொற்பம். சர்க்கரை ஜாவாவிலிருந்து கப்பலேறி வந்தது. தடித்த கரும்பை வடக்கே நட்டால் அங்குள்ள குளிரைத் தாங்காது. இதற்குப் பரிகாரம் தேடி 1912-ஆம் ஆண்டில் கோயமுத்தூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. இவ்வூர்ச் சீதோஷ்ணத்தில் கரும்பு நன்கு பூத்து விதையும் பிடிக்கும் என்பதே காரணம். தலைவர் பார்பர் என்ற ஆங்கிலேயர். வெங்கட்ராமன் அவருடைய உதவியாளர்.

தடித்த கரும்பின் பூவோடு, ஆற்றோரத்தில் தானாக முளைக்கும் பேய்க்கரும்பின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். பேய்க்கரும்பில் இனிப்பு ஏது? ஆனால் குளிரையும் வறட்சியையும் அது பொருட்படுத்தாது.

சொல்வது எளிது. இரண்டும் ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். விதையோ தூசு போன்றது. விரைவில் முளைப்புத்திறனை இழந்துவிடும். முளைத்த நாற்றுகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போல ஆளுக்கொரு குணம். ஒன்று தடித்திருக்கும், சாறு இராது. சாறு இருந்தால் இனிப்பு இராது. இனிப்பும் இருந்தால் நோய் விழும். ஆயிரக்கணக்கில் வளர்த்து, பெரும்பாலானவற்றைப் பிடுங்கி எறிந்தார்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறையில் ஷேடு தவறினால் மறுநாளே வேறு சாம்பிள் போடலாம். இங்கே தவறினால் அடுத்த பூப்பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

சப்ர் என்பது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்று நம்மில் சிலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். மார்க்கத்தால் வேறுபட்ட இம்மனிதரின் வாழ்வைப் பார்த்தால், காத்திருக்கும் காலத்திலும் கை ஓயாதிருப்பதல்லவா அது என்று தோன்றுகிறது.

1918-இல் கோ. 205 என்ற ரகம் வெளியாயிற்று. பஞ்சாபில் உள்ளூர்க் கரும்பைவிடக் கூடுதலாக விளைந்தது. ஆயினும் அது மெல்லிய கரும்புதான். அத்தோடு திருப்தியடைந்திருக்கலாம். 1919-இல் பார்பர் விடைபெற்றபின் பொறுப்பேற்ற வெங்கட்ராமன், தென்னாட்டுத் தடித்த இனம், வடநாட்டு மெல்லினம், காட்டினம் ஆகிய மூன்றின் குணங்களையும் ஒரே கரும்பில் சேர்க்க முற்பட்டார். கரும்பைச் சோளத்தோடு இணைத்தார். மூங்கிலோடும் இணைத்துப் பார்த்தார்! மூங்கில் கலப்பால் விவசாயிக்கு லாபமில்லை. ஆனால் இத்தகைய கலப்பினங்கள், 1930-களில் அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாளின் குரோமோசோம் ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன.

கோ. 419 என்ற ரகம் வந்தது 1933-இல். ஜாவாவின் புகழ்பெற்ற ரகமொன்றைக் கோயமுத்தூரின் கோ. 290-உடன் சேர்த்துப் பெற்றது அது. தடிமன், உயரம், இனிப்பு யாவும் அமைந்திருந்ததால் தென்னாட்டு வயல்களில் பல பத்தாண்டுகள் அதுவே நின்றது. 1942-இல் அவர் ஓய்வு பெற்றார். 1956-இல் பத்மபூஷண் விருது வந்தது. அந்நிலையம் கோவையில் இன்றும் இயங்குகிறது. கரும்பு பூக்கும் பருவத்தில் கலப்பு வேலையும் அங்கே நடக்கிறது.