தோலை அளந்தறிந்த நாயுடம்மா

வேலூரை அடுத்த சத்துவாச்சாரியிலிருந்து நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால் ஆம்பூர், வாணியம்பாடி. கிழக்கே மேல்விஷாரம், ராணிப்பேட்டை. உலகச் சந்தைக்குத் தோலும் காலணியும் அனுப்பும் இவ்வூர்கள் மறக்கக் கூடாத பெயர், யலவர்த்தி நாயுடம்மா.

1922 செப்டம்பர் 10 அன்று, குண்டூர் மாவட்டம் தெனாலி அருகே வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். காசி ஹிந்து பல்கலைக்கழகத்தில் பயின்று, அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1958-இல் சென்னை அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநரானார்.

அக்காலத்தில் ஆவாரம்பட்டை முதலியவற்றால் பாதி பதனிட்ட தோலே பெரிதும் கப்பலேறியது. மெருகூட்டும் வேலையும் அதன் லாபமும் மேலைநாடுகளுக்குச் சென்றன. ஒரு தோலைப் போல மற்றொன்று இராது. மேஸ்திரியின் கைப்பக்குவம் இன்றைய சரக்கை நன்றாக்கலாம். நாளைய சரக்கும் அவ்வாறே அமையும் என்பதற்கு உறுதியில்லை. சரக்கு நிராகரிக்கப்பட்டால் முதலில் அடிபடுவது சிறு உற்பத்தியாளரின் கடனும் தொழிலாளியின் கூலியுமே.

இதற்கு விடை, அளவீடு. பச்சைத் தோல் ஏறத்தாழ 60 பாகை வெப்பத்திலேயே சுருங்கிவிடும். குரோமியத்தால் முறையாகப் பதனிட்டது கொதிநீரையும் தாங்கும். ஒரு துண்டைக் கொதிநீரில் இட்டாலே பதம் தெரிந்துவிடும். தடிமன், கிழிவு வலிமை, தொட்டிநீரின் அமிலத்தன்மை ஆகியவற்றையும் இவ்வாறே அளக்கலாம். இத்தகைய அறிவியலை ஆய்வுக்கூடத்தில் பூட்டிவைக்காமல் பதனிடுவோரின் வாசலுக்குக் கொண்டுசென்றதே நாயுடம்மாவின் பெருஞ்சாதனை. 1970-களில் அரசு பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, முழுமையான தோலுக்கு மாறும் திறன் இங்கே உருவாகியிருந்தது.

1971 முதல் 1977 வரை அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராகவும், பின்னர் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றினார். 1985 ஜூன் 23 அன்று, அயர்லாந்துக்கு அப்பால் 329 பேருடன் தகர்க்கப்பட்ட கனிஷ்கா விமானத்தில் அவர் உயிரும் பிரிந்தது.

வளர்ச்சியின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. தோல் கழிவுநீரால் பாலாற்றுப் படுகை பாழ்பட்டது. 1996-இல் உச்சநீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. சரக்கின் பதத்தை நாள்தோறும் அளக்கக் கற்ற தொழில், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீரையும் அதே கண்டிப்புடன் அளக்க வேண்டும். வாங்குபவருக்குக் காட்டும் நேர்மையைக் கிணற்று நீரை நம்பி வாழ்பவருக்கும் காட்டுவதே நாயுடம்மாவுக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலி.