மேகநாத் சாகா: நம்ம சிலபஸில் இல்லாத ஒரு சமன்பாடு

தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல ரியல் கேஸ் பகுதி வந்ததும் நாம எல்லாரும் உருப்போடும் பெயர் வான் டெர் வால்ஸ். 1873-இல் அந்த டச்சுக்காரர் கொடுத்த சமன்பாட்டைத் திருத்திப் பார்த்தவர்கள் பலர். அதில் இரண்டு பேர் இந்தியர்கள். 1918-இல் கல்கத்தாவில் அதைச் செய்தபோது இருவருக்கும் வயது 24. ஒருவர் சத்தியேந்திர நாத் போஸ். போஸான் என்ற துகளே அவர் பெயரில் இருப்பதால் அவரைத் தெரியும். இன்னொருவர் மேகநாத் சாகா.

1893 அக்டோபர் 6 அன்று, இன்றைய பங்களாதேஷில் டாக்கா பக்கம் சியோரதலி என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா ஜகன்னாத் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் பையன் கடையில் உட்காரட்டும் என்பது வீட்டுக் கணக்கு. அரூர், தீர்த்தமலைப் பக்கத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் ஆளாகக் காலேஜ் படிக்கிற நமக்கு இந்தக் கணக்கு புதுசில்ல. அடுத்த பள்ளி தினமும் நடந்து போய்வர முடியாத தூரம். அண்ணன் அலைந்து திரிந்து அந்த ஊர் டாக்டர் ஒருவர் வீட்டில் தம்பிக்குத் தங்க இடம் பிடித்தார். பதிலுக்குப் பையன் தன் தட்டைத் தானே கழுவி, மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து படித்து மாவட்டத்தில் முதலிடம் வாங்கினார். மாதம் 4 ரூபாய் ஸ்காலர்ஷிப்போடு டாக்கா காலேஜியட் பள்ளிக்குப் போனார்.

அதுவும் நிலைக்கவில்லை. வங்கப் பிரிவினை சமயத்தில் கவர்னர் ஃபுல்லர் வருகையை எதிர்த்த மாணவர்களோடு சேர்ந்ததால் பள்ளியும் போச்சு, ஸ்காலர்ஷிப்பும் போச்சு. வேறொரு தனியார் பள்ளி சேர்த்துக்கொண்டது.

1911-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரி. பி.எஸ்சி., எம்.எஸ்சி. இரண்டிலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். ஹாஸ்டல்ல மட்டும் வேற கதை. சாதியைக் காரணம் காட்டி, மெஸ்ஸில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட விடவில்லை. சாதியைப் பற்றிப் பின்னாளில் அவரிடம் இருந்த கோபத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார். வேடிக்கை என்னவென்றால், எம்.எஸ்சி. படித்தது கணிதம்; சீக்கிரமே நடத்த வேண்டி வந்தது இயற்பியல், அதிலும் தெர்மோடைனமிக்ஸ். தானே படித்துப் படித்துத்தான் பாடம் நடத்தினார். அந்தப் படிப்பில் பிறந்ததுதான் 1918 சமன்பாடு.

ஐடியல் கேஸில் மூலக்கூறு வெறும் புள்ளி. வான் டெர் வால்ஸ் அதற்கு ஒரு பருமன் கொடுத்தார். மொத்தக் கன அளவிலிருந்து ஒரு நிலையான எண்ணைக் கழித்தார். சாகாவும் போஸும் இன்னும் அடிப்படையாக யோசித்தார்கள். காலி டப்பாவில் முதல் மூலக்கூறைப் போட்டால் அதற்கு முழு இடமும் கிடைக்கும். இரண்டாவதன் மையம் முதலாவதன் மையத்துக்கு ஒரு விட்டத் தூரத்துக்குள் வர முடியாது. ஆக, ஒரு மூலக்கூறின் கன அளவைப் போல 8 மடங்கு இடம் அதற்குக் கிடையாது. மூன்றாவதுக்கு 16 மடங்கு கிடையாது. இப்படி ஒவ்வொன்றுக்கும் கிடைக்கிற இடத்தையெல்லாம் பெருக்கி, போல்ட்ஸ்மான் வழியில் என்ட்ரோபி கண்டுபிடித்து, அதிலிருந்து அழுத்தத்தை எடுத்தார்கள். விடையில் ஒரு லாக் வந்து நின்றது.

சரி, இதனால என்ன? கிரிட்டிகல் புள்ளியில் 'ஆர்.டி'-யை அழுத்தம், கன அளவு பெருக்கத்தொகையால் வகுங்கள். வான் டெர் வால்ஸ் சமன்பாடு எந்த வாயுவுக்கும் 2.67 என்றே சொல்லும். அளந்து பார்த்தால் ஆர்கானுக்கும் நைட்ரஜனுக்கும் 3.4-லிருந்து 3.5-க்குள் வரும். சாகா-போஸ் சமன்பாட்டில் டைட்டரிசி பாணியில் ஈர்ப்பைச் சேர்த்தால் கிடைப்பது ஏறக்குறைய 3.52. நோட்டுல போட்டுப் பாருங்க, ஒரே பக்கத்தில் முடிந்துவிடும்.

குறையும் உண்டு. பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் மறிக்கும் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழலாம். இந்தக் கணக்கு அதைப் பார்க்கவில்லை. அதனால் அடர்த்தி ஏற ஏறப் பிசகும். இன்றைக்கு ஆலைகளில் பெங்-ராபின்சன் மாதிரியான 1970-களின் சமன்பாடுகள்தான் ஓடுகின்றன. ஆனாலும் நம்ம பாடத்தில் ஒரு வரிக்குக்கூட இது தகுதியில்லையா?

அழுத்தம், வெப்பநிலை, என்ட்ரோபி என்று இதில் பழகிய கைதான் 1920-இல் அவருடைய புகழ்பெற்ற அயனியாக்கச் சமன்பாட்டை எழுதியது. அணுவிலிருந்து எலக்ட்ரான் கழல்வதை ஒரு சாதாரண வேதிவினை மாதிரி எடுத்துக்கொண்டார். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் எத்தனை அணு உடையும் என்பது கணக்குக்குள் வந்தது. நட்சத்திரங்களின் நிறமாலையைப் பார்த்து வெப்பநிலை சொல்லும் வழி அப்படித்தான் திறந்தது.

அப்புறம் 1923-இல் அலகாபாத், 1927-இல் ராயல் சொசைட்டி, பி.என். ஸ்ரீவஸ்தவாவோடு எழுதிய வெப்பவியல் பாடநூல், 1938-இல் மீண்டும் கல்கத்தா, அங்கே அணுக்கரு இயற்பியல் நிறுவனம். தாமோதர் வெள்ளத்தைப் பற்றியும் எழுதினார், நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். 1952-இல் சுயேச்சையாக நின்று ஜெயித்து மக்களவைக்குப் போனார். 1956 பிப்ரவரி 16 அன்று, டெல்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பு வந்து இறந்தார். வயது 62.